தகுந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக

முடிவெடுத்தலின் படிநிலைகளைத் தகுந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக என்ற கேள்வியை அஞ்சுகம் படித்து முடித்ததும் வெளியே அந்த அழுகை கிளம்பியதும் ஒன்றாகத்தான் நடந்தது. முதலில் புறா என்று நினைத்தாள். தகரக் கூரைக்கடியில் குடும்பம் குடும்பமாகப் புறாக்கள், பரீட்சை எழுத வந்தவர்களைவிட எச்சாகவே இருக்கும், போன வாட்டி அதில் ஒன்று அம்சவேணி அக்காவின் விடைத்தாள் மேலேயே எச்சம் போட்டுவிட்டுப் போக, அக்கா தாளைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு எத்தன மார்க்குப் போடுவீங்க தம்பி சார்?" என்று கேட்டு, ஹாலே சிரித்து, மேற்பார்வை பார்க்கிற கௌதம் சாருக்குக் காதெல்லாம் சிவந்துபோனது. புறா இல்லை. புறாவுக்கு இப்படி மூச்சை உள்ளே இழுத்துவிட்டு மறுபடி தொடங்கத் தெரியாது. குழந்தைதான். எந்தக் குழந்தை? தொட்டில் ரூமில் இன்றைக்கு இரண்டே குழந்தைகள், ஒன்று இவளுடைய தச்சி, இன்னொன்று அம்சவேணி அக்காவின் புகழு, இரண்டில் ஒன்று, இதைக் கண்டுபிடிக்க என்ன பெரிய படிப்பு வேண்டும், பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் சத்தம் தெரியாதா, தெரியும், தெரியத்தான் வேண்டும், ஆனால் தெரியவில்லையே. பேனா மூடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். தகரத்தில் பட்டுத் திரும்பும்போது சத்தம் ஆள் மாறிவிடுகிறது, மழை பெய்தால் கல் கொட்டுகிற மாதிரி, யாராவது தும்மினால் லாரி டயர் வெடித்த மாதிரி, அப்படியிருக்க ஒரு கைக்குழந்தையின் அழுகையை இந்தக் கூரை என்னவாக மாற்றுமோ யார் கண்டது.

பல்கலைக்கழகம் என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறார்களே தவிர இது மில்தான். நூல் மில். ஓடின மில்லை மூடி, மிஷின்களைக் கழற்றி எடைக்குப் போட்டு, சுவருக்கு மஞ்சள் அடித்து, கல்யாணமானவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் பாதியில் புத்தகத்தை மூடி வைத்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை வந்து படிக்கட்டும் என்று திறந்துவிட்டார்கள். சங்கை மட்டும் விற்கவில்லை. பரீட்சை தொடங்கவும் அதே சங்கு, முடியவும் அதே சங்கு, பக்கத்துக் காட்டில் களை எடுக்கிறவர்கள் இன்னும் அதைக் கேட்டுத்தான் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்கிறார்களாம். அஞ்சுகமும் ஊரில் "மில்லுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். பஸ்ஸில் ஒரு அம்மா, "மில்லுல என்ன வேல கண்ணு, கோன் வைண்டிங்கா?" என்று கேட்டதற்கு, "இல்லீங்க, பி.ஏ. கூட்டுறவு" என்று சொல்ல, அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது புதுசா வந்த மிஷினுங்களா?" என்றது. இதைப் புருஷன் முத்துரத்தினம் மாமாவிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தச்சி விழித்துக்கொண்டு, அவளும் எதற்கென்று தெரியாமலே பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்த இடத்திலேயே வெளியே அழுகை ஒரு படி மேலே ஏறியது. ஏன் இப்போது சிரித்ததை நினைக்கிறேன், எழுது, எழுது அஞ்சுகம், படிநிலைகள் என்ன, முதலாவது, சிக்கலை இனங்காணுதல். சிக்கல் என்ன? குழந்தை அழுகிறது. இல்லை, அது சிக்கல் இல்லை, குழந்தை என்றால் அழத்தான் செய்யும், யாருடைய குழந்தை என்பதுதான் சிக்கல். இதைத் தாளில் எழுத முடியுமா?

சேலையைத் துவைத்தது தப்பு. இப்போது தெரிகிறது. இப்போது தெரிந்து என்ன பண்ண. தொட்டில் ரூம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, மில் ஓடிய காலத்தில் வேலைக்கு வந்த பெண்கள் பிள்ளைகளைப் போட்டுவிட்டு வந்த அறை, விட்டத்தில் வரிசையாக இரும்புக் கொக்கி, நாலு தடவை பெயிண்ட் அடித்தும் கொக்கியில் யாரும் கை வைக்கவில்லை. அவரவர் தூளிச் சேலையை அவரவர் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போக வேண்டியது. அன்றைக்குப் பேப்பர் இல்லாதவர்கள் முறை வைத்துப் பிள்ளை பார்ப்பார்கள், சட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம், மாட்டேன் என்று சொன்ன ஆள் இதுவரை கிடையாது. இன்றைக்குக் குப்புராசு அண்ணன் முறை. இரும்பு லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டுகிறவர், அவர் மீசையில் ஒரு பக்கத்துக்கு ஒரு குருவி உட்காரலாம். "நாக்பூர் ரோட்டையே பாத்தவன் அம்மிணி நானு, இந்த ரெண்டு சுண்டக்காயப் பாத்துக்க மாட்டனா? போங்க, போயி வெசையா எழுதிட்டு வாங்க" என்றார். அப்போதே தச்சி அந்த மீசையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அது போகட்டும். சேலை. பிறந்ததிலிருந்து அந்த மஞ்சள் வாயில் சேலையில்தான் தச்சி தூங்குகிறாள், அதில் பால் வாடை, எண்ணெய் வாடை, இவளுடைய வேர்வை, எல்லாம் ஏறி ஊறி ஒரு மாதிரி புளித்துக் கிடக்கும், முகத்தை அதில் புதைத்துக்கொண்டால் போதும், கண் சொருகிவிடும். அதைப்போய் நேற்று, பரீட்சைக்குப் போகிறோம், நாலு பேர் பார்க்கிற இடம், சுத்தமாக இருக்கட்டும் என்று சோப்புத் தூளில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வாசனைத் தண்ணீரில் வேறு அலசிக் காயப்போட்டாள். கொக்கியில் கட்டும்போது அம்சவேணி அக்கா மூக்கைச் சுளித்தது. "ஏ புள்ள, தூளிச் சேலையத் தொவைச்சியா நீ? அட கெரகமே, ஜவுளிக்கட வாசமல்ல அடிக்குது. அம்மா எங்கேன்னு தேடப்போகுது பாரு அது." அப்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்படியானால் அழுவது தச்சிதான். ஜவுளிக்கடைக்குள் தனியாகப் படுத்துக்கொண்டு அம்மா எங்கே என்று தேடுகிறாள். இல்லை, இரு, புகழும் அழலாம், அவனுக்குப் பல் முளைக்கிறது, பல் முளைக்கிற பிள்ளை கல்லைக் கொடுத்தாலும் கடித்துக்கொண்டு அழும்.

மார் கடுக்க ஆரம்பித்தது. முதலில் ஊசி குத்துகிற மாதிரி, அப்புறம் சூடாக, அப்புறம் ரவிக்கைக்குள் மடித்து வைத்த துணி கனத்தது. இந்தா, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், உடம்பே சொல்கிறதே, என் பிள்ளை, எந்திரி. எழுந்திருக்கத்தான் போனாள். முழங்கால் பெஞ்சில் இடித்தது. அந்த இடியில் கன்றுக்குட்டி ஞாபகம் வந்துவிட்டது. பால் சங்கத்தில் இவள் பால் ஊற்ற வருகிறவர்களிடம் மாதிரி எடுத்து வைக்கிற வேலை, கேனைக் கழுவி வைக்கிற வேலை, போன மாசம் ஒரு நாள் யாரோ கன்றைக் கூடவே இழுத்துக்கொண்டு வந்து வாசலில் கட்டிவிட, அது மாட்டைக் காணாமல் "ம்மே" என்று ஒரு கத்துக் கத்தியதுதான் தாமதம், இவளுக்குப் பால் சுரந்து சேலை நனைந்துவிட்டது. கன்றுக்குட்டிக்கு! டிவியில் சீரியல் பிள்ளை அழுதாலும் அதே கதைதான், அத்தை அதற்காகவே சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, "உனக்கென்னடி, ஊரு ஒலகத்துப் புள்ளைக்கெல்லாம் அம்மா நீயி" என்று கேலி பண்ணும். ஆக இந்த உடம்பு சொல்வதை எப்படி நம்புவது. சங்கத்தில் பாலில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கருவி இருக்கிறது, போட்டால் முங்கும், மிதக்கும், சொல்லிவிடும். அழுகைக்குள் விட்டுப் பார்க்க ஒரு கருவி யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது படிநிலை, தகவல் திரட்டுதல். தகவல் ஒன்று, மார் நனைந்தது. தகவல் இரண்டு, கன்றுக்குட்டிக்கும் நனையும். திரட்டியாயிற்று. ஒன்றுக்கொன்று அடித்துக்கொண்டு இரண்டும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

படிநிலைகள் மனப்பாடமாக இருக்கின்றன என்பதுதான் கொடுமை. அம்சவேணி அக்காவின் புண்ணியம். பனியன் கம்பெனியில் அக்கா தைக்கிற மிஷினில் முழுக்க நோட்ஸைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டி வைத்திருக்கிறது, ஊசி ஏறி இறங்க ஏறி இறங்க வாய் முணுமுணுக்குமாம், சிக்கல், தகவல், மாற்று வழி, சீர்தூக்கல், தேர்வு, செயல், விளைவு, சூப்பர்வைசர் யாரோ செத்துப்போனார்கள், மந்திரம் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் வருவதே இல்லையாம். காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அதை இவளுக்கு நாலு தடவை சொல்லிக் காட்டியது. "இந்த முடிவெடுத்தல் மட்டும் வரட்டும் புள்ள, கண்ண மூடிட்டு எழுதிருவேன். வூட்ல எங்க பெரியவ இருக்கறாளே, எட்டாவது, கணக்குப் பரீட்சைன்னா வகுத்து வலின்னு படுத்துக்கறா. நேத்து என்ன பேச்சுங்கற? 'அம்மா, நீ ஒருவாட்டியாவது முழுப் பரீட்சையும் உக்காந்து எழுதிட்டு வா, அப்பறம் நான் போறேன்'ங்கறா. போன வாட்டி இவன் வகுத்துல இருந்தான், பாதியிலயே எந்திரிச்சேன், அதுக்கு முந்தி மாமியாருக்குக் கருமாதி. இந்த வாட்டி சங்கு ஊதி என்னைய வெரட்டுனாத்தான் எந்திரிப்பேன்." அக்காவுக்கு மகள். இவளுக்குச் சங்கம். செயலாளர் தையோடு ஓய்வு பெறுகிறார், தலைவர் சொல்லிவிட்டார், "டிகிரி இருந்தா அந்த நாற்காலி உனக்குத்தான் அம்மிணி, இல்லீன்னா வெளியூர்ல இருந்து ஆளப் போட்ருவாங்க, அப்பறம் நீ கேன் கழுவ வேண்டியதுதான்." எல்லாப் பேப்பரும் முடிந்து இந்த ஒன்றுதான் பாக்கி, தைக்குள் இன்னொரு பரீட்சை கிடையாது. கேன் கழுவுவதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்து, பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு அதில் தச்சி விளையாடுகிற மாதிரி, பல தடவை பார்த்துவிட்டாள், பார்த்துப் பார்த்து அந்த விசிறியின் சத்தம்கூடப் பழகிவிட்டது. மாற்று வழிகள். ஒன்று, போவது. போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், நாற்காலி போச்சு. இரண்டு, இருப்பது. இருந்தால் பிள்ளை. பிள்ளை என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அழும், அழுதால் தொண்டை கட்டும், தேன் தடவினால் சரியாகும். ஒன்றும் ஆகாது என்று எப்படித் தெரியும்? சேலை கழுத்தில் சுற்றிக்கொண்டால்? குப்புராசு அண்ணன் ரோட்டைப் பார்க்கிற மாதிரி நேராகவே பார்த்துக்கொண்டு பக்கத்தில் பார்க்காமல் விட்டால்?

அவள் தலையைத் திருப்பினாள். அடுத்த வரிசையில், கொஞ்சம் முன்னால், அம்சவேணி அக்கா. அதுவும் எழுதவில்லை. பேனா தாளுக்கு மேலே நின்றது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மிஷினில் நூல் அறுந்துவிட்டதா என்று கேட்கிறவள் மாதிரி. அஞ்சுகத்தின் பார்வை பட்டதோ என்னவோ, திரும்பியது. இவள் புருவத்தைத் தூக்கினாள், உன்றதா? அக்கா உதட்டைப் பிதுக்கி மோவாயால் இவளைக் காட்டியது, உன்றதா? இவள் தோளைக் குலுக்கினாள். அக்காவும் குலுக்கியது. "அங்க என்ன பேச்சு?" என்றார் கௌதம் சார். ஹாலில் இருக்கிற எல்லோரையும்விட வயதில் சின்னவர், அதட்டும்போது குரல் ஒரு பக்கம் கீச்சிடும். "பேசலீங்க தம்பி சார்" என்றது அக்கா, "கழுத்து சுளுக்கிட்டுது, திருப்பிப் பாத்தேன்." யாரோ களுக்கென்றார்கள். சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். என்றைக்கோ அக்கா சொன்னது இப்போது ஞாபகம் வந்தது, பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "என்ற புகழு அழுதான்னா கெடா கத்தற மாதிரி, ஒரே இழுப்பு, அஞ்சு ஊருக்குக் கேக்கும். உன்றவ நாசூக்கு, விக்கி விக்கி அழுவா, நடுவுல ஆராச்சும் பாக்கறாங்களான்னு நிறுத்திப் பாப்பா." ஆமாம், விக்கல், விக்கலைக் கேட்டால் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு இழுப்பு, கெடா. இல்லை, நடுவில் ஒரு வெட்டு, விக்கல். அது விக்கலா, புறா சிறகடித்ததா? மறுபடி இழுப்பு. கெடாதான் என்று நினைத்தால் கெடாவாகக் கேட்கிறது. தச்சி என்று நினைத்தால் தச்சியாகக் கேட்கிறது. கெடாவாக இருக்கட்டும், சாமி, கெடாவாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள், நினைத்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதுவும் ஒரு பிள்ளைதானே. இன்னொருத்தி பிள்ளை அழட்டும் என்று வேண்டிக்கொள்கிற ஆளா நான்?

அப்போது அழுகை நின்றது. சட்டென்று, குழாயைத் திருகி மூடினது மாதிரி. நின்றதே, அப்பாடா என்று எழுதத் தொடங்கினாள், முடிவெடுத்தல் என்பது பல மாற்று வழிகளுள் என்று ஒரு வரி, அந்த வரி முடிவதற்குள் கை நின்றது. ஏன் நின்றது? தூங்கிவிட்டதா? அழுகிற பிள்ளை தேய்ந்து தேய்ந்துதான் தூங்கும், இப்படி வெட்டினாற்போல நிற்காது. மூச்சுப் பிடித்துக்கொள்வாள் தச்சி. இரண்டு தடவை நடந்திருக்கிறது, ஒரு தடவை பால் கொடுக்கக் கொஞ்சம் தாமதமாகி, வாய் திறந்தபடியே சத்தம் வராமல் முகம் கருநீலமாகி, அத்தை உச்சியில் ஊதி ஊதித்தான் மூச்சு திரும்பியது. ஊத வேண்டும் என்று குப்புராசு அண்ணனுக்குச் சொன்னேனா? சொன்னேன். சொன்னேனா? மீசையைப் பார்த்துச் சிரித்ததில் சொல்ல மறந்தேனா? ஹாலில் பேனாக்கள் கரகரவென்று ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது, மேலே ஒரு புறா நடந்தது, அதன் நகம் தகரத்தில் கீறியது. அழுதபோது வேண்டாம் என்றிருந்தது, அழாதபோது ஒரு தடவை அழுதுவிடேன் கண்ணு, ஒரே ஒரு தடவை, அம்மா எழுதிவிடுகிறேன் என்றிருந்தது. மார்த் துணி சில்லிட்டு ஒட்டியது. கேள்வித்தாளைப் பார்த்தாள், எழுத்து நீந்தியது. ஒருவேளை இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளையைத் தேடுகிறேனா, எழுந்து போய்விட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், பெத்தவளல்ல, என்ன பண்ணுவா என்பார்கள், நாற்காலி போனாலும் மரியாதையாகப் போகும், அப்படி ஒரு நினைப்பு எங்கேயாவது அடியில் கிடக்கிறதா? துழாவிப் பார்த்தாள். கிடக்கிற மாதிரியும் இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. மறுபடி அழுகை வந்தது. வந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது, உயிரோடுதான் இருக்கிறது, யாருடையதோ அது, உயிரோடு இருக்கிறது.

இந்தத் தடவை விக்கல் கேட்டது. தெளிவாகவே கேட்டது. கேட்டதா? கேட்டது என்று எழுந்திருக்கப் போனவளுக்கு முன்னால், அடுத்த வரிசையில் பெஞ்சு நகர்ந்தது. அம்சவேணி அக்கா எழுந்து நின்றுவிட்டது. "தம்பி சார், என்ற பையன் அழுகறான். நான் போறேன்." கௌதம் சார் பாவம், நடந்து வந்தார். "அக்கா, போனா மறுபடி உள்ள வர முடியாதுங்க. இன்னும் முக்கால்வாசி நேரம் இருக்குது." "தெரியுமுங்க சாமி. இந்தாங்க." "பேப்பர்ல ஒண்ணுமே எழுதலியே அக்கா, கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன், யாருதுன்னு நான் வேணா ஆளனுப்பி..." "பெத்தவளுக்குத் தெரியாதுங்களா சார்?" என்றது அக்கா, கொஞ்சம் உரக்கவே. சொல்லிவிட்டுச் சேலையை உதறிக்கொண்டு இவள் பெஞ்சைத் தாண்டிப் போனது. தாண்டும்போது ஒரு விரல் இவள் தாளின் ஓரத்தைத் தட்டியது. 'எழுது' என்று சொன்ன மாதிரி இருந்தது. சொன்னதா, இல்லை சேலை உரசின சத்தமா? அந்த நிமிஷம் அஞ்சுகத்துக்கு அதெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. உடம்பு முழுக்க ஒரு இறக்கம், தலையிலிருந்து தீவனக்கட்டை இறக்கிப் போட்டது போல. புகழு. புகழுதான். பெற்றவளே சொல்லிவிட்டாள். விக்கல் மாதிரி கேட்டது என் பயம். தச்சி தூங்குகிறாள், சோப்பு வாசமோ கடை வாசமோ, என் பிள்ளை சமர்த்து. பாவம் அக்கா என்று ஒரு வார்த்தை நினைத்தாள், நினைத்ததாக ஞாபகம், அதற்குள் பேனா ஓடத் தொடங்கியிருந்தது.

அதற்கப்புறம் எழுதினாள் பாருங்கள், வாய்க்காலில் மடை திறந்துவிட்டது போல. சிக்கல், தகவல், மாற்று வழி, சீர்தூக்கல், தேர்வு, செயல், விளைவு, அக்காவின் மிஷின் ஊசி உள்ளே ஏறி இறங்கி ஏறி இறங்கி வரி வரியாகத் தைத்துக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் வெளியே அழுகை அடங்கிவிட்டது, அம்மா போய்விட்டாளல்லவா, அடங்கும். தகுந்த எடுத்துக்காட்டுக்கு ஒரு கணம் நின்றாள். பால் சங்கத்தை வைத்து எழுதலாம், மாடு வாங்குவதை வைத்து எழுதலாம், புத்தகத்தில் ஒரு தொழிற்சாலை மேலாளர் இருந்தார், அவரை வைத்தும் எழுதலாம். ஆனால் கை தானாக எழுதியது. எடுத்துக்காட்டாக, ஒரு பெண் தேர்வு எழுதிக்கொண்டிருக்கையில் வெளியே ஒரு குழந்தை அழுகிறது என்று கொள்வோம். முதலில் அவள், அது தன் குழந்தை அல்ல என்பதை உறுதி செய்துகொள்கிறாள். பின்பு மன அமைதியுடன் தேர்வைத் தொடர்கிறாள். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது அழகாக இருந்தது. புத்தகத்தில் வருகிற மாதிரியே இருந்தது. அடியில் கோடு போட்டாள். மற்றக் கேள்விகளுக்கும் போய், திரும்பி வந்து, பக்க எண் போட்டு, நூல் கட்டி முடிப்பதற்கும் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது, தகரம் அதிர்ந்து புறாக்கள் அத்தனையும் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றின, அவளுக்குக் கைகால் எல்லாம் சிறகு மாதிரி இருந்தது, சிரித்துக்கொண்டே தாளைக் கொடுத்தாள், "பாஸ் ஆயிருவேனுங்களா சார்?" "எழுதின வேகத்தப் பாத்தா நீங்கதான் எனக்குப் பாடம் எடுக்கோணுங்க" என்றார் கௌதம் சார்.

முற்றத்து வெயிலில் கண் கூசியது. தொட்டில் ரூம் வாசலில் குப்புராசு அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார், மீசையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு. "அட நீ வந்துட்டியா அம்மிணி" என்று துண்டை இறக்கினார், "என்னால ஆகலப்பா. மீசயப் பாத்துத்தான் பயப்படுதோன்னு மூடிக்கூடப் பாத்துட்டேன். நாக்பூர் ரோடு தேவலாம்." அவள் சிரித்தபடியே உள்ளே போனாள். உள்ளே இரண்டு தூளிகளில் ஒன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது, அக்காவின் பழைய ஊதாச் சேலை, அதற்குள் புகழு மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான், அந்த முகத்தில் அழுத தடமே இல்லை, கன்னத்தில் காய்ந்த கண்ணீர்க் கோடில்லை. இவளுடைய மஞ்சள் சேலை அவிழ்க்கப்பட்டு நாலாக மடித்து ஜன்னலில் வைக்கப்பட்டிருந்தது. கீழே பாயில் சுவரில் சாய்ந்துகொண்டு அம்சவேணி அக்கா. அதன் மடியில், அதன் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தூக்கத்திலும் விட்டுவிட்டு விக்கிக்கொண்டு, தச்சி.

அஞ்சுகம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சத்தம் போடாத" என்றது அக்கா மெதுவாக, "இப்பத்தான் அசந்துது. பாலு குடுத்தேன், குடிச்சா. சோப்பு வாசத்துல எப்படித் தூங்குவா அவ, சேலைய உருவிப் போட்டுட்டு எம் முந்தானைய மூஞ்சில போட்டேன், பொசுக்குனு அடங்கிட்டா." "அக்கா... அப்ப அழுதது..." "எதோ ஒண்ணு அழுதுது, விடு." "உங்க பையன்னு சொன்னீங்களேங்க்கா." "நெனச்சேன். வந்து பாத்தா உன்ற புள்ள. வந்தவ சும்மாவா நிப்பேன்?" அஞ்சுகம் அதன் முகத்தைப் பார்த்தாள். அக்கா தச்சியின் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டிருந்தது, நிமிரவில்லை. "திரும்ப விடமாட்டாங்கன்னு தெரியுமல்லங்க்கா உங்களுக்கு? பெரியவகிட்ட என்ன சொல்லுவீங்க?" "என்னத்தச் சொல்ல. அந்த முடிவெடுத்தல் கேள்வி இருந்துதே, தலையுமில்ல வாலுமில்ல, ஒண்ணுமே புரியல. சித்தே காத்தாட வெளிய வந்துட்டேன்னு சொல்லுவேன்." காலையில் பஸ் கம்பியில் தொங்கிக்கொண்டு நாலு தடவை ஒப்பித்த வாய். தெரிந்துதான் வந்ததா? தெரியாமல் வந்ததா? கூரைதான் சத்தத்தை மாற்றிவிடுகிறதே, எனக்கே தெரியவில்லையே, அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும், தெரிந்திருக்காது, புகழு என்று நினைத்துத்தான் வந்திருக்கும், அப்படித்தான் இருக்கும், அப்படியே இருக்கட்டும் என்று அவள் பற்றிக்கொள்ள ஒன்று தேடிக்கொண்டிருந்தபோது தூளி ஆடியது.

புகழு விழித்துக்கொண்டான். விழித்து ஒரு கணம் கொக்கியைப் பார்த்தான், வாயைத் திறந்தான். கெடாதான். ஒரே இழுப்பு, கனத்த குரல், சுவரில் மோதி, முற்றத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். இதில் விக்கலும் இல்லை, வெட்டும் இல்லை, எந்தத் தகரக் கூரையும் எந்தக் காலத்திலும் இதைத் தச்சியாக மாற்ற முடியாது, தச்சியை இதுவாகவும் மாற்ற முடியாது. வாசலில் குப்புராசு அண்ணன், "அடங்கப்பா, இவன் இத்தன நேரம் தூங்குனது நம்ம புண்ணியம்!" என்று சிரித்தார். உள்ளே இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா எழுந்திருக்கப் பார்த்தது, மடியில் தச்சி. "இரு, இரு சாமி, வர்றேன்" என்று அங்கிருந்தே கையை நீட்டியது. அஞ்சுகத்துக்கு மார் கடுத்து, கட்டி, கல்லாகிக் கிடந்தது. அவள் போய்த் தூளியை விலக்கி அவனைத் தூக்கினாள். தச்சியைவிடக் கனம். பாயில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மை ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, ரவிக்கையைத் தளர்த்தினாள். அவன் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான், யாராயிருந்தால் என்ன என்கிற மாதிரி, முட்டி முட்டிப் பிடித்துக்கொண்டான். கத்தல் நின்றது. அறைக்குள் தச்சியின் விக்கலும் இவனுடைய மடக்கு மடக்கென்ற சத்தமும் மட்டும் இருந்தன. "நல்லா எழுதுனியா புள்ள?" என்றது அக்கா. "எழுதினேங்க்கா." "எடுத்துக்காட்டு என்ன போட்ட?" தாள் கட்டுக்குள் போயிருக்கும், கட்டுக்கு மேல் அரக்கு வைத்திருப்பார்கள். அடியில் கோடு வேறு போட்டிருக்கிறாள். "பால் சங்கத்த வெச்சு எழுதினேங்க்கா" என்றாள். "நல்லதாப் போச்சு" என்றது அக்கா. அப்போது சுரீரென்றது, மாரிலிருந்து உச்சி வரைக்கும். அவனுக்குப் பல் முளைத்துவிட்டது என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். அவள் உடம்பு தூக்கிப்போட்டதைப் பார்த்து அக்கா திரும்பியது.

"கடிக்கறானா புள்ள?"

"இல்லீங்க்கா" என்றாள் அஞ்சுகம், அவனை இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு.